பொய் கண்டறியும் சோதனையின் முடிவு சாட்சியமாகுமா?

ஒரு பெரிய களவு நடந்தாலும் சரி, ஒரு கொலை நடந்தாலும் சரி, இரண்டு நாளுக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஆளைப் பிடிச்சு அந்த மெஷின்ல வைச்சுப் பார்த்தா உண்மை வந்திடும் தானே?" வெள்ளவத்தை பஸ்ஸில் கேட்கலாம், கொட்டாஞ்சேனை சலூனில் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர் "அதெல்லாம் கோட்டில எடுபடாது" என்பார். மூன்றாமவர் வெளிநாட்டில் அதை வைத்துத்தான் தீர்ப்பே எழுதுகிறார்கள் என்பார். மூவரும் உறுதியாகத்தான் பேசுவார்கள்.

நான் கொழும்பில் குற்றவியல் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணி. இந்தப் பேச்சு பஸ்ஸோடு நின்றுவிட்டால் எனக்குக் கவலையில்லை. ஆனால் அதை நம்பி ஒருவர் வேலையை இழக்கலாம், இன்னொருவர் சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடலாம். அதனால் கருவி என்ன செய்கிறது, அதைக் கையாள்பவர் என்ன செய்கிறார், நீதிமன்றம் எதைக் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருவி எதை அளக்கிறது

இந்தச் சோதனைக்குப் பயன்படும் கருவியின் பெயர் பொலிகிராஃப். ஒரே நேரத்தில் உடலின் பல மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி என்பதுதான் இதன் பொருள். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, வயிற்றைச் சுற்றி இன்னொரு பட்டி: மூச்சைக் கவனிக்க. கையில் டொக்டர் பிரஷர் பார்க்கும்போது கட்டுவது போன்ற ஒரு பட்டை: இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கவனிக்க. விரல்களில் இரண்டு சிறு தகடுகள்: வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க. இவ்வளவுதான். முன்பு தாளில் ஊசி கோடு கீறியது, இப்போது மடிக்கணினித் திரையில் கோடு ஓடுகிறது. அளக்கப்படுபவை ஏறக்குறைய பழைய அதே விஷயங்கள்தான்.

காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது 102 பாகை என்று காட்டும். பிழையில்லாமல் காட்டும். ஆனால் அது டெங்குவா, எலிக்காய்ச்சலா, சாதாரண வைரஸ் காய்ச்சலா என்று சொல்லாது. பொலிகிராஃபும் அப்படித்தான். இதயம் வேகமாக அடித்தது, உள்ளங்கை வியர்த்தது என்று சரியாகவே சொல்கிறது. ஏன் வியர்த்தது என்பது அதற்குத் தெரியாது. பொய் சொன்ன பயமா, தன்னை நம்பமாட்டார்களோ என்ற பயமா, கேள்வி கேட்ட விதத்தில் வந்த கோபமா, வெட்கமா? கோடு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித்தான் எழும்பும்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல் என்றால் அடுத்து இரத்தப் பரிசோதனை செய்து டெங்குக் கிருமியின் அடையாளத்தையே நேரடியாகத் தேடலாம். பொய்க்கு அப்படியொரு தனி அடையாளம் உடலில் இல்லை. பொய் சொன்னால் மட்டும் வந்து, உண்மை பேசும்போது ஒருபோதும் வராத உடல் மாற்றம் எதையும் விஞ்ஞானம் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அதனால் கருவியை எவ்வளவு நவீனமாக்கினாலும் இந்த இடைவெளி அடைபடுவதில்லை.

கேள்விகளில்தான் சோதனை இருக்கிறது

சரி, பதற்றத்தை மட்டுமே அளக்கும் கருவியை வைத்து ஒருவர் பொய் சொல்கிறார் என்று எப்படி முடிவு சொல்கிறார்கள்? அது முழுக்க முழுக்கக் கேள்விகளின் வேலை.

ஒரு கடையில் லாச்சியிலிருந்து காசு காணாமற்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். முதலில் ஒட்டாத கேள்விகள்: "இன்றைக்கு வியாழக்கிழமையா?" பிறகு நேரடிக் கேள்வி: "லாச்சியிலிருந்த காசை நீங்கள் எடுத்தீர்களா?" இவற்றுக்கு நடுவில் மூன்றாவது வகையொன்றையும் நுழைப்பார்கள்: "உங்களை நம்பிய ஒருவரை வாழ்க்கையில் எப்போதாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?" இதை ஒப்பீட்டுக் கேள்வி என்பார்கள். யாராக இருந்தாலும் கொஞ்சம் தடுமாறாமல் "இல்லை" என்று சொல்ல முடியாத கேள்வி இது. வேண்டுமென்றேதான் அப்படி அமைக்கிறார்கள்.

இதன் அடிப்படை எண்ணம் இதுதான். நிரபராதிக்கு அந்தக் காசுக் கேள்வி பெரிதாக இராது, பழைய ஏமாற்றைப் பற்றிய கேள்விதான் மனதை உறுத்தும். களவெடுத்தவருக்கோ காசுக் கேள்விதான் பயத்தைக் கிளப்பும். ஆகவே எந்தக் கேள்விக்குக் கோடு அதிகம் எழும்புகிறது என்று ஒப்பிட்டு முடிவு சொல்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். காசை நீங்கள் தொடவே இல்லை. ஆனாலும் வேலை, மானம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரே கேள்வியில் தொங்குகிறது. எந்தக் கேள்வி வரும்போது உங்கள் நெஞ்சு அடிக்கும்? பத்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு சின்னப் பொய்யைப் பற்றிக் கேட்கும்போதா, இன்றைக்கு உங்களைக் கள்ளன் ஆக்கக்கூடிய கேள்வியைக் கேட்கும்போதா? நிரபராதிக்கு நேரடிக் கேள்வியில் பயம் வராது என்ற அனுமானம்தான் இந்த முறையின் மிகப் பலவீனமான இடம்.

மறுபக்கமும் உண்டு. ஒப்பீட்டுக் கேள்வி எது என்று கண்டுபிடித்தவர், அது வரும்போது நாக்கைக் கடித்தோ, கால்விரலை அழுத்தியோ, மனதுக்குள் எண்களைத் தலைகீழாக எண்ணியோ தன் கோட்டை உயர்த்திவிடலாம். அப்போது நேரடிக் கேள்வியின் கோடு சிறிதாகத் தெரியும்.

வேறொரு முறையும் இருக்கிறது. "நீ செய்தாயா?" என்று கேட்காமல், குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தை வைத்துக் கேட்பது. களவுபோன காசு எந்த நிறப் பையில் இருந்தது? சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். தெரியாதவருக்கு எல்லா நிறமும் ஒன்றுதான். தற்செயலாகச் சரியான நிறத்தில் அவர் கோடு எழும்ப ஐந்தில் ஒரு வாய்ப்பு. இப்படி ஆறு கேள்விகளிலும் தற்செயலாகவே சரியான இடத்தில் எழும்ப 15,625இல் ஒரு வாய்ப்புத்தான். ஜப்பானியப் பொலிஸார் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த முறையைத்தான், ஆய்வாளர்கள் கூடுதலாக மதிப்பதும் இதைத்தான். ஆனால் விவரம் வெளியே கசியாமல் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளே பையின் நிறம், கத்தியின் நீளம், கதவு திறந்த நேரம் எல்லாம் செய்தியிலும் வட்ஸ்அப்பிலும் வந்துவிடும் ஊரில் இதற்கு இடமே இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கருவி அளப்பது உடலின் கிளர்ச்சியை. அதைப் பொய் என்று வாசிப்பது கேள்வி கேட்ட மனிதர். அவருடைய வாசிப்பு, கேள்விகளை அவர் அமைத்த விதத்திலும் ஓர் அனுமானத்திலும் தங்கியிருக்கிறது.

தொண்ணூறு வீதம் சரி என்றால் என்ன அர்த்தம்

"சரி, நூறு வீதம் இல்லாவிட்டாலும் தொண்ணூறு வீதம் சரியாகச் சொல்கிறதாமே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கடையில் ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர்தான் கள்ளன். சோதனை கள்ளனையும் நல்லவரையும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகப் பிரிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கள்ளன் அநேகமாக மாட்டிக்கொள்வார். ஆனால் மீதி நாற்பத்தொன்பது நல்லவர்களில் பத்து வீதம், அதாவது ஐந்து பேரளவில், பிழையாக மாட்டுவார்கள். ஆக "பெயில்" ஆனவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் மட்டுமே களவெடுத்தவர். சோதனை தொண்ணூறு வீதம் சரி, ஆனாலும் பெயிலான ஒருவரைக் காட்டி "இவர்தான் கள்ளன்" என்றால் பெரும்பாலும் பிழையாகவே இருக்கும்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003இல் வெளியிட்ட பெரிய ஆய்வறிக்கையில் இதே கணக்கை இன்னும் கடுமையாகப் போட்டுக் காட்டினார்கள். 10,000 ஊழியர்கள், அவர்களில் 10 உளவாளிகள். உளவாளிகளில் 8 பேரையாவது பிடிக்கும்படி சோதனையை இறுக்கி வைத்தால், அவர்களோடு சேர்ந்து 1,598 நிரபராதிகளும் பெயிலாவார்கள். இரண்டு உளவாளிகள் பாஸாகிப் போய்விடுவார்கள். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, ஏமாற்றும் வித்தை பழகாதவர்களிடம், சோதனை குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்றும் அதே அறிக்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிழையின்மைக்கு அது வெகு தூரம் என்றது.

உண்மை வாழ்க்கையில் இரண்டு விதப் பிழையும் நடந்திருக்கிறது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயில் இருந்துகொண்டு சோவியத்துக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையில் தேறினார். 1994இல்தான் பிடிபட்டார். வாஷிங்டன் மாநிலத்தில் தொடர்கொலைகள் செய்த கேரி ரிட்ஜ்வே 1984இல் சோதனையில் தேறினார். மரபணுச் சோதனை அவரை மாட்டிவைக்க 2001 ஆனது. பிறகு 48 கொலைகளை ஒப்புக்கொண்டார். அதே விசாரணையில், அந்தக் கொலைகளோடு தொடர்பே இல்லாத ஒரு டாக்சி ஓட்டுநர் சோதனையில் தேறாமல் போய்ச் சந்தேகத்தோடு வாழ வேண்டி வந்தது.

நீதிமன்றம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது

விசாரணை என்பது வேறு, வழக்கு விளக்கம் என்பது வேறு. விசாரணை செய்யும் அதிகாரிக்குத் துப்பு வேண்டும், எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிய வேண்டும். அவர் ஒரு வதந்தியைக்கூடப் பின்தொடரலாம், அதில் பிழையில்லை. நீதிமன்றத்துக்குத் துப்புப் போதாது. அங்கே வேண்டியது சாட்சியம்: எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்து சோதித்துப் பார்க்கக்கூடிய, சட்டம் உள்ளே விடும் தகவல்.

ஒரு நிபுணரின் கருத்தை எப்போது உள்ளே விடுவது என்ற கேள்வியில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் அமெரிக்கத் தீர்ப்பு, இந்தச் சோதனையைப் பற்றியதுதான். 1923, வாஷிங்டன் நகரம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஜேம்ஸ் ஃப்ரை, தான் உண்மை பேசுவதாக இரத்த அழுத்தச் சோதனை காட்டியது என்று நிரூபிக்க விரும்பினார். பொலிகிராஃபுக்கு முன்னோடியான சோதனை அது. நீதிமன்றம் மறுத்தது. ஒரு விஞ்ஞான முறை, அந்தத் துறையைச் சேர்ந்தவர்களிடையே பொதுவான ஏற்பைப் பெற்ற பிறகுதான் சாட்சியமாக வரலாம் என்றது. கவனியுங்கள், கேட்டவர் வழக்குத் தொடுநர் இல்லை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். கருவி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியவர்.

எழுபத்தைந்து வருடம் கழித்து, 1998இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் அதே கதை. விமானப்படையைச் சேர்ந்த ஷெஃபர் என்பவரின் சிறுநீரில் போதைப்பொருள் இருந்தது. தான் எடுக்கவில்லை என்று அவர் சொன்னதைப் பொலிகிராஃப் ஏமாற்று இல்லை என்று காட்டியது. அந்த முடிவை வழக்கில் வைக்க விடுங்கள் என்றார். இராணுவ நீதிமன்றங்களில் பொலிகிராஃப் முடிவை முற்றாகத் தடைசெய்யும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதன் நம்பகத்தன்மை பற்றி விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது முக்கிய காரணம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1987இலேயே கதவைச் சாத்திவிட்டது.

ஆக, "வெளிநாட்டில் அதை வைத்துத்தான் தீர்ப்பு" என்பது பெரும்பாலும் பிழை. முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலம் நிபந்தனைகளோடு ஏற்கிறது. வேறு சில மாநிலங்களில், இரு தரப்பும் முன்கூட்டியே எழுதி உடன்பட்டால் முடிவை வைக்கலாம்.

அப்படி உடன்பட்ட ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை நான் சட்ட மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒஹாயோ மாநிலத்தில் ஃப்ளாய்ட் ஃபே என்ற இளைஞர். முகமூடி போட்ட ஒருவன் சுட்டதில் இறந்துகொண்டிருந்தவர் இவருடைய பெயரைச் சொல்லிவிட்டார். வேறு பலமான சான்று இல்லை. வழக்குத் தொடுநர் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்: சோதனையில் தேறினால் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், தேறாவிட்டால் அந்த முடிவு உங்களுக்கு எதிராக வழக்கில் வரும். செய்யாதவருக்கு என்ன பயம்? ஃபே உடன்பட்டார். தேறவில்லை. 1978இல் ஆயுள் தண்டனை. உண்மையான கொலையாளிகள் வெளியே வந்து, அவர் விடுதலையாக 1980 ஆகிவிட்டது. சிறையில் இருந்த காலத்தில் அவர் இந்தச் சோதனையைப் பற்றித் தேடிப் படித்தார். சோதனைக்குப் போகவிருந்த, குற்றம் செய்ததாகத் தன்னிடம் ஒப்புக்கொண்ட 27 கைதிகளுக்குச் சிறிது நேரம் பாடம் எடுத்தார். அவர்களில் 23 பேர் தேறினார்கள். செய்யாத அவர் தேறவில்லை, செய்தவர்கள் தேறினார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில் எது சாட்சியம் என்று சொல்வது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிகள் கட்டளைச் சட்டம். அது எழுதப்பட்ட காலத்தில் பொலிகிராஃப் பிறக்கவே இல்லை. ஒலி, ஒளிப்பதிவுகளுக்கும் கணினித் தகவல்களுக்கும் 1995இல் தனிச் சட்டம் கொண்டுவந்து வழி திறந்தார்கள். பொலிகிராஃபை அந்தச் சட்டம் தொடவில்லை.

அப்படியானால் அது வரக்கூடிய ஒரே வாசல் 45ஆம் பிரிவு, நிபுணர் கருத்து. வெளிநாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை, கையெழுத்து, விரலடையாளம் போன்றவற்றில் விசேட தேர்ச்சி உள்ளவரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம். ஆனால் விரலடையாள நிபுணர் என்ன செய்கிறார்? இரண்டு அடையாளங்களை நீதிபதிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ன இடங்களில் பொருந்துகின்றன என்கிறார். எதிர்த்தரப்பு தன் நிபுணரைக் கொண்டு அதே அடையாளங்களைத் திரும்பப் பார்க்கலாம். பொலிகிராஃபில் திரும்பப் பார்க்க இருப்பது கோடு மட்டும். அன்றைக்கு அந்த அறையில் இருந்த பதற்றத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதைவிட ஆழமான ஒரு தடையும் உண்டு. சாட்சி உண்மை பேசுகிறாரா என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. சாட்சிக் கூண்டில் அவரைப் பார்த்து, குறுக்கு விசாரணையைக் கேட்டு, மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டு அவர் முடிவெடுக்கிறார். "இவர் பொய் சொல்கிறார்" என்று ஒரு நிபுணர் வந்து சொன்னால், அவர் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

உண்மையான ஆபத்து, சோதனைக்குப் பின் வரும் பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

சோதனை முடிந்ததும் கோடுகள் திரையில் இருக்க, பரிசோதகர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டு மெதுவாகப் பேசுகிறார்: "இங்கே பாருங்கள், கருவி பிழை விடாது. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு நல்லது." பல விசாரணைகளில் கருவியின் உண்மையான பயன் இந்தப் பேச்சுத்தான். கருவியை நம்பியவர் உடைந்துவிடுவார். செய்தவரும் உடையலாம், செய்யாதவரும் உடையலாம்.

அப்படி வரும் குற்ற ஒப்புதலுக்கு நம் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன. குற்ற ஒப்புதல் என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் தானே அதைச் செய்தேன் என்று சொல்வது அல்லது அப்படிப் பொருள்படச் சொல்வது. 24ஆம் பிரிவு: அதிகாரத்தில் உள்ளவர் ஆசை காட்டியோ, மிரட்டியோ, வாக்குறுதி கொடுத்தோ பெற்ற ஒப்புதல் செல்லாது. 25: பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 26: பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், நீதவான் முன்னிலையில் சொன்னாலன்றி, நிரூபிக்க முடியாது.

27ஆம் பிரிவுதான் பலருக்குத் தெரியாதது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். "நகையைக் கிணற்றுக்குப் பக்கத்தில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே தோண்டி நகை கிடைத்தால் அந்த வாக்கியம் உள்ளே வரும். ஆகவே பொலிகிராஃபின் கோடு நீதிமன்றத்துக்கு வராவிட்டாலும், அந்த அறையில் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் வரக்கூடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை வழக்கில் வைக்கலாம். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான். அந்தச் சட்டம் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்தது, 25, 26ஆம் பிரிவுகள் பொலிஸாரையும் பொலிஸ் காவலையும் பற்றியவை. முதலாளி கூட்டி வந்த தனியார் பரிசோதகரிடம், காவலில் இல்லாத ஒருவர் தானாகப் பேசினால் அந்த இரண்டு வேலிகளும் அங்கே இல்லை.

சுருக்கமாக: சோதனை முடிவு என்பது ஒன்று, சோதனை அறையில் நீங்கள் சொல்வது இன்னொன்று. முதலாவதுக்குச் சட்டத்தில் வாசல் மிகக் குறுகியது. இரண்டாவது எந்த வாசலால் வருகிறது என்பது, யாரிடம், எந்த நிலையில், என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது.

கட்டாயப்படுத்தலாமா?

இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே 5ஆம் திகதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. பொலிகிராஃப், மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனை, மூளை அலைச் சோதனை மூன்றையும் சம்மதமின்றிச் செய்வது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்றது. சம்மதித்துச் செய்தாலும் முடிவு தானாகச் சாட்சியமாகாது, அந்தச் சோதனையின் உதவியால் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட பொருளோ தகவலோ இருந்தால் அதை மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் வைக்கலாம் என்றது. நம் சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது, 2024இல் இந்தியா அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும்வரை பிரிவின் இலக்கம்கூட ஒன்றாகவே இருந்தது. அதனால் இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இங்கே வாதிடுபவருக்குக் கையில் நல்ல துணை.

நம் அரசியலமைப்பில் இந்தியாவில் இருப்பது போன்ற தனி உறுப்புரை இல்லை. ஆனால் 11ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் தடைசெய்கிறது. 13(5) குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒருவரைச் சுற்றவாளியாகக் கொள்ளச் சொல்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், தனக்கெதிராகச் சாட்சி சொல்லவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ குற்றம் சாட்டப்பட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆகவே சோதனைக்கு மறுப்பவர் குற்றவாளி என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

"என்ட பிள்ளைய அதில வைங்க, சேர்"

மகன் விளக்கமறியலில் இருக்க, புதுக்கடை நீதிமன்றப் படிக்கட்டில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சேர், என்ட பிள்ளைய அந்த மெஷின்ல வைக்கச் சொல்லுங்க. அவன் செய்யல்ல. மெஷின் சொல்லும்தானே." அந்த நம்பிக்கையை உடைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "அம்மா, மெஷின் 'உண்மை' என்றாலும் நீதிமன்றம் அதைக் கேட்காது. மெஷின் பிழையாக 'பொய்' என்றால், ஊர் முழுக்க அதைத்தான் கேட்கும்." பிறகு அன்றைக்கு மகன் எங்கே இருந்தான், யார் பார்த்தார்கள், எந்தக் கடையில் கமரா இருந்தது என்று கேட்டேன். பஸ் டிக்கெட்டுகள் அவன் சட்டைப் பையில் இருக்கும் என்றார். சட்டையைத் தோய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

நிரபராதியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறைச் சான்றுகள்தான். கமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும், தொலைபேசிப் பதிவுகளைக் காலத்தோடு கேட்க வேண்டும். பொலிகிராஃபுக்காகக் காத்திருக்கும் நாட்களில் இவை கையைவிட்டுப் போய்விடுகின்றன. இன்னொன்றையும் குடும்பங்களுக்குச் சொல்வேன்: குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுநருடையது. உங்கள் பிள்ளை தன் உண்மையை ஒரு கருவிக்கு நிரூபித்துக் காட்டக் கடமைப்பட்டவன் அல்ல.

வேலையிடத்தில் கேட்டால்

அமெரிக்கா 1988இலேயே, தனியார் முதலாளிகள் ஊழியர்களிடம் பொலிகிராஃப் கேட்பதைச் சில விதிவிலக்குகள் தவிரச் சட்டத்தால் தடுத்தது. இங்கே ஒருவரை அந்த முடிவை வைத்து வேலையிலிருந்து நிறுத்தினால், அவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, தொழில் நியாய சபை சாட்சிகள் கட்டளைச் சட்டத்தால் கட்டுப்பட்டதல்ல. நியாயமும் ஒப்புரவும் எதுவோ அதைத்தான் அது பார்க்கிறது. ஆகவே குற்றவியல் நீதிமன்றத்தில் தடுக்கப்படும் அறிக்கை, அங்கே மேசைக்கு வரலாம். வந்தால், மேலே சொன்ன ஐம்பது பேர் கணக்கை அங்கே சொல்லலாம். எத்தனை பேரைச் சோதித்தீர்கள், எத்தனை பேர் பெயில், கேள்விகளின் பிரதி எங்கே, பரிசோதகர் குறுக்கு விசாரணைக்கு வருவாரா, களவு நடந்ததற்கு வேறு என்ன சான்று என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

சோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் கிடைத்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். சம்மதப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். யோசிக்க நேரம் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு சட்டத்தரணியிடமோ உங்கள் தொழிற்சங்கத்திடமோ காட்டுங்கள், முடியாவிட்டால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் போய்க் கேளுங்கள். அதற்குள் அந்த அறைக்குப் போக நேர்ந்துவிட்டால், சோதனை முடிந்த பிறகு பேச உட்காராமல் எழுந்து வெளியே வாருங்கள்.